வாடாத புல்லுக்கும் வாட்டம் வேண்டும்



சென்ற இரண்டு மாதமும் இந்தப் பக்கத்தை நம் துணையாசிரியர் எழுதினார். "உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டுக் கடிதம் போட்ட அத்தனை பேருக்கும் நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு, உள்ளங்கையில் இரண்டு காய்ப்பு, அவ்வளவுதான். அமெரிக்காவில் தம்பி வீட்டில் மண் சுமந்துகொண்டிருந்தேன்.

அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கிறது அவன் வீடு. ஆறு வாரம் ஓய்வாக இருந்துவிட்டு வரலாம் என்று அக்டோபரில் போனேன். போன மறுநாள் காலையில் காபியை ஆற்றியபடியே, "அக்கா, இன்னிக்குக் கடைக்குப் போய் ஒரு நல்ல பட்டர் வாங்கணும்" என்றான். வெண்ணெய்க்கா இவ்வளவு யோசனை என்று நினைத்தேன். "பழசு வளைஞ்சுபோச்சு" என்று அவன் சேர்த்ததும், எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் பட்டர் கண்முன் வந்து நின்றார். அவருக்கும் வயதான காலத்தில் முதுகு வளைந்துதான் இருந்தது. தம்பி மகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு உள்ளே ஓடிப் போய் ஒரு கோலை எடுத்து வந்தாள். "இதுதான் அத்தை பட்டர்." பந்தை அடிக்காமல், மெல்லத் தட்டிக் குழிக்குள் உருட்டும் கோல்ஃப் மட்டை.

அவள் பள்ளி கோல்ஃப் அணியில் ஆடுகிறாள். எனக்கு அந்த ஆட்டத்தில் தெரிந்ததெல்லாம் தொப்பியும் நடையும்தான். அவள் கணக்குச் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. 18 குழி; மொத்தம் 72 அடியில் முடிக்க வேண்டும் என்பது பெரும்பாலான மைதானங்களின் கணக்கு. அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடி, குழியைச் சுற்றியுள்ள கட்டைப் புல்தரையில் பந்தை உருட்டுவதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். வானத்தைப் பிளந்துகொண்டு பறக்கும் அடியும் ஓர் அடி, அரை முழம் உருளும் அடியும் ஓர் அடி. அந்தத் தரைக்குத்தான் 'கிரீன்' என்று பெயர். அதைக் கொல்லையிலேயே போட்டுவிட்டால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினம் அரை மணி நேரம் பழகலாமே என்பது அப்பனும் மகளும் போட்ட திட்டம். என் பயணச்சீட்டுத் தேதியும் அந்தத் திட்டத்தில் அடக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது.

நிஜப் புல்லில் ஒரு கிரீனை வளர்ப்பது வீட்டுக்காரர் வேலை இல்லை. பெரிய போட்டிகளுக்கு அந்தப் புல்லை 3 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டி வைக்கிறார்கள். அதற்கென்றே தனி வெட்டும் யந்திரம், தினசரி வெட்டு, மருந்து, ஆள் எல்லாம் வேண்டும். ஃபீனிக்ஸ் பாலைவனத்தில் இதற்குமேல் தண்ணீர்க் கவலை. தம்பி வீட்டுக் கொல்லையில் இருந்த பெர்முடா புல் குளிர் தொடங்கியதும் பழுத்துப் படுத்துவிடும். பச்சை விட்டுப்போகக் கூடாதென்று அந்த ஊரில் அக்டோபரில் அதன்மேலேயே ரை புல் விதையைத் தூவி, மறுபடியும் தண்ணீர் விடுவார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து வருவது. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றுக்கு வரலாற்றிலேயே முதல்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அரிசோனாவின் பங்கில் சுமார் 18 சதவீதம் வெட்டு. அடி வாங்கியவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். பக்கத்து நெவாடா மாநிலம், யாரும் கால் வைக்காமல் அழகுக்கு மட்டும் வளர்க்கும் பொது இடத்துப் புல்லுக்கு ஆற்றுத் தண்ணீர் விடுவதையே 2026-க்குப் பிறகு தடுக்கும் சட்டத்தை 2021-ல் கொண்டுவந்துவிட்டது. "புல்லுக்கும் ஆங்கே பொசியும்" காலம் அங்கே மலையேறிவிட்டது.

ஆகவே செயற்கைப் புல். அதன் கதையும் சுவையானதுதான். மான்சான்டோ நிறுவனம் 'கெம்கிராஸ்' என்ற பெயரில் செய்த விரிப்பு, 1964-ல் ரோட் தீவு மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் மோசஸ் பிரவுன் பள்ளியில் விரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஹூஸ்டன் நகரில் கூரை போட்ட பிரம்மாண்டமான ஆஸ்ட்ரோடோம் அரங்கம் திறந்தது. உள்ளே நிஜப் புல்; மேலே ஒளி ஊடுருவும் கூரை. பேஸ்பால் ஆடியவர்களுக்குக் கூரை வெளிச்சத்தில் கண் கூசி, உயரே போன பந்து தெரியவில்லை. கூரைக்கு வெள்ளையடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. 1966-ல் கெம்கிராஸை விரித்து, அரங்கத்தின் பெயரை ஒட்டி அதற்கு 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்று மறுபெயரும் வைத்துவிட்டார்கள்.

இனி எங்கள் திருப்பணி.

முதலில் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நிஜப் புல்லை அனுமதிக்கிற சங்கம் செயற்கைப் புல்லை அடியோடு தடுக்கக் கூடாது என்று அரிசோனாவில் 2022-ல் சட்டம் வந்திருப்பதால் அதில் சிக்கல் இல்லை. அடுத்து 811 என்ற எண்ணுக்கு ஒரு தொலைபேசி. அமெரிக்காவில் மண்வெட்டியைத் தொடுமுன் அந்த எண்ணை அழைக்க வேண்டும். ஆள் வந்து தரைக்குள் எது எங்கே ஓடுகிறது என்று கோடு போட்டுவிட்டுப் போகிறார். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம். கோலம் போட்டது போல் இருந்தது. ஆனால் அவர் போடுவது கம்பெனிக்காரர்களின் குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் மட்டும்தான். பழைய புல்லுக்குத் தண்ணீர் தெளித்த வீட்டுக் குழாய் அந்தக் கோலத்தில் வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

முந்திரிப் பருப்பு வடிவத்தில் சுமார் 450 சதுர அடியை வளைத்துப் பழைய புல்லைச் சீவி எடுத்தோம். ஓர் அரையடி போனதும் கடப்பாரை 'ணங்' என்றது. கலீச்சி என்கிறார்கள், சுண்ணாம்பு இறுகிக் கல்லாகிப் போன மண் அடுக்கு. நம் ஊர்ச் சுக்கான்கல்லுக்கு உறவு. தண்ணீரை உள்ளே விடாது. அதன்மேல் 4 இஞ்சு கனத்துக்கு டி.ஜி. போட வேண்டும். டி.ஜி. என்பது கருங்கல் தானாகச் சிதைந்து உதிர்ந்த பொடி, நம் கிரஷர் தூளுக்குத் தம்பி முறை. 450 சதுர அடிக்கு 4 இஞ்சு என்றால் சுமார் 8 டன். லாரிக்காரர் வாசலில் தட்டிவிட்டுப் போய்விட்டார். வாசலிலிருந்து கொல்லைக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் தம்பி, தம்பி மனைவி, நான். "அண்ணி, நீங்க உக்காருங்க" என்று அவள் சொல்லாத நேரமில்லை. ஆனால் மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் அந்த மலை கரைந்திருக்காது.

இரண்டிரண்டு இஞ்சாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, வாடகைக்கு எடுத்த அதிர்வு யந்திரத்தால் இறுக்கினோம். சின்ன வயதில் வீட்டுத் தளம் போடும்போது திமிசுக்கட்டையால் தட்டுவார்களே, அதே வேலை. கட்டைக்குப் பதில் எஞ்சின். அதற்குப்பின் வந்ததுதான் உயிர்நாடியான காரியம், வாட்டம்.

கொத்தனார் பாஷையில் வாட்டம் என்றால் தண்ணீர் ஓட விடுகிற சரிவு. எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் பத்தடிக்கு ஒன்றரை இஞ்சு வாட்டம் விட்டார் கொத்தனார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார், நூல் கட்டிப் பார்த்தார். எல்லாம் சரியென்ற பிறகும், ஒரு வாளித் தண்ணீரை மேட்டுப் பக்கம் சாய்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பீடி முடிவதற்குள் தண்ணீர் முழுக்கத் தூம்புக்குப் போக வேண்டும். எங்காவது உள்ளங்கை அளவு தேங்கி நின்றால், அந்த இடத்தைக் கரியால் வட்டம் போட்டுக் கொத்தி எடுத்துவிடுவார்.

கிரீனுக்கு வாட்டம் தண்ணீருக்காக மட்டும் இல்லை. பலகை போல் மட்டமாக இருந்தால் அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. நேராகத் தட்டினால் நேராகப் போகும். பந்து எந்தப் பக்கம் வளையும், எவ்வளவு வளையும் என்று பார்க்கத்தானே பயிற்சி? அதற்காகச் சரிவை அள்ளி வைத்தாலும் ஆபத்து. குழியைச் சுற்றி 3 சதவீதத்துக்கு மேல் சரிவு போனால், தவறிய பந்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 2 சதவீதம், அதாவது பத்தடிக்குச் சுமார் இரண்டரை இஞ்சு வைத்தோம். நடுவில் ஒரு மெல்லிய மேடு. தாழ்ந்த ஓரத்தில் ஜல்லி நிரப்பிய வாய்க்கால், அதற்குள் ஓட்டை போட்ட குழாய். தம்பி லேசர் மட்டமானியால் அங்குலம் அங்குலமாக அளந்தான்.

"ஒரு வாளி தண்ணி ஊத்திப் பார்த்துடலாமேடா."

"அக்கா, லேசர் பொய் சொல்லாது."

சொல்லாதுதான். மேலே இருப்பதைப் பற்றிப் பொய் சொல்லாது.

மூன்று இடத்தில் குழி தோண்டிக் கிண்ணம் பதித்துச் சுற்றிலும் சிமென்ட் கலவை போட்டோம். கோல்ஃப் குழியின் விட்டம் நாலேகால் இஞ்சு. 108 மில்லிமீட்டர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கத்தார் 1891-ல் இந்த அளவை நிர்ணயித்தார்கள், உலகமெங்கும் இன்றைக்கும் அதுதான். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆக, குழியின் வாய் பந்தைப்போல் இரண்டரை மடங்கு. தூரத்திலிருந்து பார்க்கும்போது மூக்குத்தித் துவாரமாகத் தெரிகிறது என்பது வேறு விஷயம்.

பிறகு புல். நைலான் இழை, அரை இஞ்சு உயரம். 15 அடி அகலச் சுருளுக்குத் தகுந்தாற்போல் கிரீனின் அகலத்தை முதலிலேயே அமைத்துக்கொண்டதால் நடுவில் ஒட்டு வேண்டியிருக்கவில்லை. சுருளை விரித்து வெயிலில் போட்டு வைத்தால் மடிப்புச் சுருக்கம் தானே விட்டுவிடுகிறது. சுற்றிலும் இரண்டடிக்குக் கொஞ்சம் நீளமான இழைப் புல்லை, புடவைக்குக் கரை போல, அடியில் நாடா வைத்துப் பசை போட்டு ஒட்டினோம். இழை சாயும் திசை என்று ஒன்று உண்டு. பட்டுத்துணியைத் தடவும்போது ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் சொரசொரப்பு இருக்குமே, அது மாதிரி. அந்தத் திசையில் பந்து வேகமாக உருளும், எதிர்த்திசையில் தயங்கும். கடைசியாக மெல்லிய மணலைத் தூவிப் பெருக்குமாற்றால் இழைகளுக்கு நடுவே இறக்கினோம். மணல்தான் இழையை நிமிர்த்திப் பிடிக்கிறது, பந்தின் வேகத்தையும் முடிவு செய்கிறது.

அந்த வேகத்தை அளக்க ஒரு கருவி இருப்பது எனக்குப் புதுச் செய்தி. 1935-ல் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியைப் பார்க்கப் போயிருந்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர், பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் தட்டிய பந்துகூட நிற்காமல் ஓடுவதைப் பார்த்தார். இந்தத் தரை அநியாய வேகம் என்று எப்படி நிரூபிப்பது? நடுவில் பள்ளம் ஓடும் ஒரு கட்டையைச் செய்தார். அதில் பந்தை வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்கினால், குறிப்பிட்ட கோணத்தில் பந்து தானே உருண்டு இறங்கும். அது எத்தனை அடி தூரம் ஓடுகிறதோ அதுதான் வேகம். அவர் பெயரால் ஸ்டிம்ப்மீட்டர். 1978 முதல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அலுமினியத்தில் செய்து மைதானக்காரர்களுக்குத் தருகிறது. மருமகள் தன் பயிற்சியாளரிடம் அதை இரவல் வாங்கி வந்தாள். எங்கள் தரையில் பந்து பத்தடி ஓடியது. "அப்பா, ஸ்கூல் கிரீன் மாதிரியே இருக்கு!" அன்றிரவு பாயசம்.

நவம்பர் நடுவில் ஒரு ராத்திரி முழுக்க மழை பெய்தது. காலையில் அவள் தட்டிய பந்து இரண்டாவது குழியை நோக்கி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று யாரோ கூப்பிட்டது போல் இடப்பக்கம் திரும்பிக்கொண்டது. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே இடம், அதே திருப்பம். கையால் தடவிப் பார்த்தேன். ஒரு முழ அகலத்துக்கு, கோடு இழுத்தாற்போல் பள்ளம்.

பழைய தண்ணீர்க் குழாய். அதைப் பிடுங்கி எடுத்த ஓரடி ஆழப் பள்ளத்தில் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து மூடியிருந்தோம். யந்திரம் மேலே போட்ட நாலு இஞ்சை இறுக்கியது. அடியில் இளகிக் கிடந்த மண் மழைத் தண்ணீர் பட்டதும் உட்கார்ந்துவிட்டது. ஒரு வாளித் தண்ணீர் அன்றைக்கே சொல்லியிருக்கும். தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அக்காக்களுக்குச் சில சமயம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அதிகச் சந்தோஷம்.

புல்லைப் பிடித்திருந்த ஆணிகளைப் பிடுங்கி, மணலை உதறி, புல்லைப் பாதி வரை சுருட்டி, பள்ளத்தைத் தோண்டி, பிடி பிடியாக மண் போட்டு நனைத்து இடித்து இரண்டு நாள் போயிற்று. இந்த முறை தம்பியே வாளியோடு வந்தான். மேட்டில் சாய்த்தான். நால்வரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். பீடிக்குப் பதில் ஆளுக்கொரு முறுக்கு. முறுக்குத் தீருமுன் தண்ணீர் ஜல்லி வாய்க்காலுக்குள் போய்விட்டது.

இதைப் படித்துவிட்டு, "ஆகா, வாடாத புல்! தண்ணீர் வேண்டாம், வேலை வேண்டாம்!" என்று கிளம்பிவிடாதீர்கள். வேலை உண்டு. வேலியோரம் தம்பி மனைவி ஆசையாக வளர்க்கும் முருங்கை நிற்கிறது. ஃபீனிக்ஸ் வெயில் முருங்கைக்குக் கொண்டாட்டம். அதன் குண்டுமணி அளவு இலை ஒன்று கிரீனில் கிடந்தாலே பந்து துள்ளித் திசை மாறுகிறது. தினம் காலையில் பெருக்கித்தான் ஆக வேண்டும். "மரத்தை வெட்டிடலாமா?" என்று தம்பி ஒருமுறை கேட்டான். அன்றைக்குச் சாம்பாரில் முருங்கைக்காய் கிடைக்காமல் போனது அவனுக்கு மட்டும்.

சூடும் உண்டு. யூட்டா மாநிலத்தில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தார் 2002-ல் தங்கள் செயற்கைப் புல் விளையாட்டுத் தரையை அளந்தபோது, காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில் தரை 93 டிகிரி வரை கொதித்தது. தண்ணீர் அடித்தால் தணியும், சில நிமிடங்களில் மறுபடி ஏறிக்கொள்ளும். ஃபீனிக்ஸிலோ 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்குக் குறையாத வெயில். அந்த மாதங்களில் கிரீனுக்கு விடியற்காலையும் இருட்டின பிறகும்தான் மரியாதை. சில நவீன ஜன்னல் கண்ணாடிகள் வெயிலைத் திருப்பியடித்துப் புல்லின் இழையையே உருக்கிவிடும் என்பதால், ஜன்னலின் ஒளி விழும் இடத்தைத் தவிர்த்துக் கோடு போட்டோம்.

மனசாட்சிக் கணக்கும் இருக்கிறது. எத்தனை பச்சையாக இருந்தாலும் அது பிளாஸ்டிக்தான். அதில் மண்புழு இல்லை, தும்பி வராது. பத்துப் பதினைந்து வருடத்தில் நைந்துபோனால் குப்பைமேட்டுக்குத்தான் போகும். வீட்டுச் செயற்கைப் புல்லைத் தடை செய்யும் உரிமையை உள்ளாட்சிகளுக்கே கொடுத்து 2023-ல் கலிஃபோர்னியா சட்டம் செய்திருக்கிறது. தம்பியிடம் இதைச் சொன்னேன். பழைய புல்தரையில் கிரீன் போக மிச்சமிருந்த இடத்தில் அவன் பிளாஸ்டிக் விரிக்கவில்லை. தண்ணீர் அதிகம் கேட்காத பாலைவனச் செடிகளையும் ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் வைத்திருக்கிறான். தேவைக்கு ஒரு துண்டு, மிச்சத்துக்கு உயிர் என்ற அந்தப் பங்கீடு எனக்குச் சரியென்று பட்டது.

மதுரை வாசகி ஒருவர், மொட்டை மாடியில் செயற்கைப் புல்விரிப்பு போடலாமா என்று கேட்டிருக்கிறார். போடலாம் அம்மா. ஆனால் விரிக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரைச் சாய்த்துப் பாருங்கள். தேங்குகிற மாடியில் விரிப்பைப் போட்டால் அடியில் பாசி பிடித்து நாறும். தட்டோட்டில் ஆணி அடிக்காதீர்கள், மழைக்காலத்தில் கீழே ஒழுகும். அவ்வப்போது சுருட்டி எடுத்துத் தரையைக் கூட்டிக் காயவிடுங்கள். சித்திரை மத்தியானத்தில் பேரக்குழந்தைகளைச் செருப்பில்லாமல் அதில் ஓட விடாதீர்கள்.

ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் மருமகள் தொலைபேசினாள். பக்கத்து ஊர் மைதானத்தில் ஒரு சின்னப் போட்டியாம்.

"அத்தை, அங்க கிரீன்ல எந்தப் பக்கம் வாட்டம்னு கண்டுபிடிக்கவே முடியல. லேசரும் கிடையாது, வாளியும் கிடையாது."

"அப்புறம் என்ன பண்ணினே?"

"குத்துக்கால் போட்டு உக்காந்தேன். இங்க ஒரு வாளி ஊத்தினா தண்ணி எங்க போய் நிக்கும்னு யோசிச்சேன். அந்தப் பக்கமா தட்டினேன்."

"விழுந்துதா?"

"ரெண்டு விழுந்துது. ஒண்ணு குழி வாய் வரைக்கும் போய் நின்னுடுச்சு, அத்தை. ஆனா திசை சரி."

எங்கள் வீட்டு மொட்டை மாடி ஐம்பது வருடமாக ஒழுகவில்லை. அதைப் போட்ட கொத்தனார் கோல்ஃப் என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்